1952 எம்ஜி டிடி வண்டிக்கு என்ன ஆயில்? ஆளுக்கொரு நம்பர் சொல்கிறார்கள்

கொக்கிரகுளம்_1250 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். இன்ஜின் விஷயத்தில் நான் எல்கேஜி, அதனால் தப்பாகச் சொன்னால் திட்டாமல் திருத்துங்கள்.

வண்டி 1952 எம்ஜி டிடி. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கார். எக்ஸ்பிஏஜி இன்ஜின், 1250 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது என் பெரியப்பா அவரிடம் வாங்கியது. என்ன விலைக்கு வாங்கினார் என்று பெரியம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. பெரியப்பா போன பிறகு அம்பாசமுத்திரத்தில் அவருடைய ரைஸ் மில்லில், உமி மூட்டைகளுக்கு நடுவே 11 வருடம் நின்றது. போன வருடம் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். உள்ளே இருந்து ஒரு சாக்கு உமியும் ஒரு கோழிக்கூடும் எடுத்தோம்.

பிரேக், டேங்க், ரேடியேட்டர், ஒயரிங் எல்லாம் பார்த்தாயிற்று. இன்ஜினை மட்டும் திறக்கவில்லை. வண்டியை நிறுத்துவதற்கு ஒரு வருடம் முன்புதான் பெரியப்பா ரிங், பேரிங் மாற்றியிருக்கிறார், பில்லை டைரிக்குள் மடித்து வைத்திருந்தார். பழைய ஆயிலை வடித்துவிட்டு மெக்கானிக் ஏதோ ஒன்று ஊற்றினார். என்ன ஆயில் என்று கேட்டேன். "நல்ல ஆயில்தான் அண்ணாச்சி" என்றார். அதற்குமேல் தகவல் இல்லை.

இப்போது இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஒன்று, ஆயில் பிரஷர் மீட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் 60 பிஎஸ்ஐ காட்டுகிறது. போன வாரம் அந்த அக்னி வெயிலில் தென்காசி போய்த் திரும்பினேன். ஓடும்போது 35, 40. வண்ணாரப்பேட்டை சிக்னலில் நிற்கும்போது முள் 15க்கு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் "சினிமா வண்டியா?" என்று கேட்கிறார், நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது, ஒழுகல். ஓட்டிவிட்டு நிறுத்தினால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் சொட்டுகிறது. அவசரத்துக்குக் கையில் கிடைத்ததை எடுத்து வைத்தேன், அது அம்மாவின் சீர்த் தாம்பாளம். "பாத்திரக்கடை வைத்திருக்கிறவனுக்கு என் தாம்பாளம்தான் கிடைத்ததா" என்று வீட்டில் தினமும் அர்ச்சனை.

ஆயில் மாற்றலாம் என்று விசாரித்தால், ஜங்ஷன் பக்கம் கடையில் 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் என்கிறார்கள். மெக்கானிக், லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 போதும் என்கிறார். பெங்களூரில் இருக்கும் மச்சான், "ஜிங்க் இல்லாத ஆயிலை ஊற்றினால் கேம்ஷாஃப்ட் போய்விடும், வெளிநாட்டிலிருந்து டப்பா வரவழை" என்கிறான். யார் சொல்வதைக் கேட்க?

ரதவீதி_ரேஸர் எழுதியது:

அண்ணே, யோசிக்கவே வேண்டாம். ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-30. என் ஸ்விஃப்டுக்கு அதுதான், 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் இன்ஜின் சத்தமே இல்லை. மைலேஜும் ஏறும். விலை கூடுதல்தான், ஆனால் இந்த மாதிரி வண்டிக்குப் போய்க் காசு பார்க்கலாமா? அப்புறம், வண்டி போட்டோ போடுங்கள்.

பழைய_ஸ்பானர் எழுதியது:

ரேஸர் தம்பி, உங்கள் ஸ்விஃப்டுக்கு அது சரி. ஆனால் ஸ்விஃப்டுக்கு நல்லது என்பதற்காக இதற்கு ஊற்றினால் பச்சைக்குழந்தையின் சட்டையைத் தாத்தாவுக்கு மாட்டின கதைதான்.

கொக்கிரகுளம் தம்பி, எனக்கு 71 வயது. 14 வயதில் ஸ்பானர் பிடித்தவன். எம்ஜி டிடி இரண்டுதான் என் கைக்கு வந்திருக்கிறது, ஆனால் அதே காலத்து மாரிஸ், ஆஸ்டின், ஸ்டாண்டர்டு எல்லாம் கணக்கில்லாமல் பார்த்தாயிற்று. சீமை வண்டி எல்லாவற்றுக்கும் குணம் ஒன்றுதான்.

முதலில் அந்த 15 பிஎஸ்ஐ. பயப்படாதீர்கள், ஆனால் சும்மாவும் விடாதீர்கள். இந்த இன்ஜினுக்கு நல்ல சூட்டில், ஓட்டத்தில், 40க்குக் குறையாமல் இருந்தால் திருப்தி. நிற்கும்போது 20 பக்கம் இருந்தால் நல்லது. உங்களுக்கு இரண்டிலும் கொஞ்சம் குறைகிறது. பேரிங் புதிது என்கிறீர்கள். அப்படியானால் எனக்கு முதல் சந்தேகம், உள்ளே இருக்கும் "நல்ல ஆயில்" தண்ணீர் மாதிரி மெலிந்த ஆயில் என்பதுதான்.

கருப்பட்டிப் பாகு காய்ச்சியிருக்கிறீர்களா? அடுப்பில் இருக்கும்போது கரண்டியிலிருந்து கடகடவென்று ஊற்றும், இறக்கி வைத்தால் கம்பி இழுக்கும். ஆயிலும் அப்படித்தான். டப்பாவில் எழுதியிருக்கும் இரண்டாவது நம்பர், சூடான பிறகு அந்தப் பாகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. 30 என்றால் மெலிது, 50 என்றால் கனம். உங்கள் இன்ஜின் கட்டிய காலத்தில் பேரிங்குக்கும் அதில் சுழலும் கிராங்க் தண்டுக்கும் நடுவில் விட்ட சந்து இன்றைய கார்களைவிடப் பெரிது. அந்தச் சந்தில் சூடான 30 நம்பர் ஆயில் நிற்காது, ஓடிவிடும். முதல் நம்பரில் இருக்கும் டபிள்யூ, வின்டர். பனியில் விடியற்காலை ஸ்டார்ட் செய்கிறவர்களுக்கான கணக்கு. குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டே சாவி திருகினாலும் உங்களுக்கு அது தேவைப்படாது.

அதற்காக மீட்டர் முள் உயரட்டும் என்று 60 நம்பர் ஊற்றும் ஆட்களும் உண்டு. முள் உயரும், ஆனால் காலையில் இன்ஜின் உச்சியில் வால்வைத் தட்டும் ராக்கர் வரை ஆயில் ஏறுவதற்குள் மேலே காய்ந்து கிடக்கும். பிரஷர் வேறு, ஆயில் போய்ச் சேருவது வேறு.

என் முடிவு: 20டபிள்யூ-50, சாதா மினரல் ஆயில். சர்வோ, காஸ்ட்ரால், மேக், கல்ஃப், வீடால் எதுவாக இருந்தாலும் சரி. சீல் உடையாத டப்பாவாக, தெரிந்த கடையில் வாங்குங்கள். பேரலில் இருந்து லிட்டர் கணக்கில் ஊற்றித் தருவதை மட்டும் வாங்காதீர்கள்.

இனி ஒழுகல். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கிராங்கின் பின்பக்கம் இந்த வண்டிக்கு ரப்பர் சீலே கிடையாது. அந்த இடத்தில் மரை மாதிரி சுற்றிச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டியிருப்பான். கிராங்க் சுற்றும்போது அந்த மரை, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை உள்ளேயே திருப்பித் தள்ளும். இன்ஜின் நின்றால் தள்ள ஆள் இல்லை, பைய வெளியே வரும். அது தெரிந்துதான் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் ஒரு ஓட்டை போட்டு, அதில் இரண்டாக மடித்த கம்பி மாதிரி ஒரு காட்டர் பின்னைத் தொங்கவிட்டிருப்பான். குனிந்து பாருங்கள், இருக்கும். வண்டி ஆட ஆட அந்தப் பின்னும் ஆடி, ஓட்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். அதாவது ஒழுகும் என்று தெரிந்து, ஒழுக வழிவிட்டுச் செய்த வண்டி. கனமான ஆயில் ஊற்றினால் குறையும், நிற்காது. யாராவது எம்சீல் வைத்து அந்த ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்றால் அடைக்க விடாதீர்கள். ஆயில் உள்ளே தேங்கிக் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும்.

ஒரே ஒரு விஷயம், இதை மட்டும் தட்டாதீர்கள். புது ஆயில் ஊற்றுவதற்கு முன் சம்ப்பை, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, இறக்குங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 1984 இருக்கும். பாளையில் ஒரு டாக்டரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வருடக்கணக்காக மலிவான ஒற்றை கிரேடு ஆயிலில் ஓடின வண்டி. நான் அப்போதுதான் தனியாகத் தொழில் ஆரம்பித்திருந்தேன். டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கவேண்டும் என்று, உயர்ந்த மல்டிகிரேடு ஆயிலாகப் பார்த்து ஊற்றினேன். அந்த ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் சரக்கு அதிகம். இருபது வருடத்துச் சேறு சம்ப்பின் அடியில் படிந்து சிவனே என்று கிடந்ததை இது போய்க் கிளறிவிட்டது. ஒரு மாதம் கழித்து டாக்டர் குடும்பத்தோடு பாபநாசம் போயிருக்கிறார். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் டக் டக் டக். நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால், ஆயில் உறிஞ்சும் ஸ்டிரெய்னர் வலை தெரியவே இல்லை, தார் பூசினது மாதிரி மூடிவிட்டது. டிப்ஸ்டிக்கில் ஆயில் நிறைய இருக்கிறது, ஆனால் பம்புக்கு ஒரு சொட்டு போகவில்லை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கான்ராடில் இரண்டு பேரிங் காலி, கிராங்கிலும் கோடு விழுந்துவிட்டது. ஆயிலைக் குறை சொல்ல முடியாது. ஊற்றினவன் நான். மூன்று மாதச் சம்பாத்தியம் லேத்துக்குப் போனது. டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

உங்கள் வண்டி 11 வருடம் நின்ற வண்டி. இறக்கிப் பாருங்கள்.

லாரி ஆயில் வேண்டாம்.

வள்ளியூர்_புல்லட் எழுதியது:

ஒரு குறுக்குக் கேள்வி. என் பழைய புல்லட்டுக்கும் 20டபிள்யூ-50தான். கார் ஆயில், பைக் ஆயில் என்று தனித்தனியாக விற்கிறார்களே, பைக் ஆயிலைக் காருக்கு ஊற்றலாமா? எங்கள் ஊர்க் கடையில் காருக்கான 20டபிள்யூ-50 இப்போது கேட்டாலும் கிடைப்பதில்லை, பைக் டப்பாதான் அடுக்கி வைத்திருக்கிறான்.

மசகு_சங்கரன்கோவில் எழுதியது:

ஸ்பானர் அண்ணாச்சியின் பதிவை இரண்டு தரம் படித்தேன். நான் ஆயில் கம்பெனி லேப்பில் 18 வருடம் குப்பி பிடித்தவன், சொந்த ஊர் சங்கரன்கோவில். அவர் கையால் தெரிந்துகொண்டதற்குக் கொஞ்சம் நம்பர் மட்டும் சேர்க்கிறேன். ஒரே ஒரு இடத்தில் அவரோடு ஒத்துப்போக மாட்டேன்.

நம்பர்: 100 டிகிரி சூட்டில் ஆயிலின் பிசுபிசுப்பை அளந்துதான் அந்த இரண்டாவது எண் கொடுப்பது. அலகு சென்டிஸ்டோக்ஸ். 9.3 முதல் 12.5க்குள் வந்தால் 30. அதிலிருந்து 16.3 வரை 40. 16.3க்கு மேல் 21.9க்குள் 50. அதாவது கடைக்காரர் சொன்ன 30க்கும் அண்ணாச்சி சொன்ன 50க்கும் இடையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் வித்தியாசம். சிக்னலில் முள் 15க்கு இறங்குவதும் 20ஐத் தாண்டி நிற்பதும் இந்த வித்தியாசத்தில்தான். டபிள்யூ பக்கத்துச் சோதனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். 20டபிள்யூ என்று பெயர் வாங்க மைனஸ் 15 டிகிரியில் சோதிப்போம், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30. நெல்லையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது, மீன் கம்பெனி ஐஸ் ரூமுக்குத்தான் போகவேண்டும்.

உங்கள் மச்சான் சொன்ன ஜிங்க் விஷயம் கட்டுக்கதை இல்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். இசட்டிடிபி என்று ஒரு சேர்மானம். துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்தது. கேம்ஷாஃப்டில் மேடாக இருக்கும் கேமும், அது தூக்கிவிடும் டாப்பெட்டும் அழுத்தி உரசும் இடத்தில், அந்தச் சூட்டில் இது சிதைந்து கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம் போடும். இரும்போடு இரும்பு நேராக உரசாமல் அந்தப் படலம் தேயும், மறுபடி உருவாகும். இன்றைய கார்கள் பலவற்றில் டாப்பெட் இடத்தில் உருளை இருப்பதால் இது குறைவாக இருந்தாலும் சமாளிக்கும். உங்கள் வண்டியில் தட்டை டாப்பெட், அது கேமின் மேல் வழுக்கித் தேய்த்துக்கொண்டே போகும்.

அப்புறம் ஏன் ஜிங்கைக் குறைத்தார்கள்? சைலன்சருக்கு முன்னால் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு பாஸ்பரஸ் விஷம். அதனால் 2004இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்எம் தரத்திலிருந்து பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டினார்கள். இங்கேதான் மச்சான் விட்டுவிட்ட பாதி: அந்தக் கட்டுப்பாடு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெலிந்த கிரேடுகளுக்கு மட்டும்தான். 20டபிள்யூ-50க்குக் கிடையாது. டப்பாவில் தரம் எஸ்என் என்றோ எஸ்எல் என்றோ இருந்தாலும், கிரேடு 20டபிள்யூ-50 என்றால் ஜிங்கைக் குறைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் அந்த ஆயிலின் டேட்டா ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பாஸ்பரஸ் அளவைப் பாருங்கள். 0.08இலிருந்து 0.12க்குள் இருந்தால் உங்கள் வண்டிக்குத் தாராளம். வெளிநாட்டு டப்பாவுக்குக் கஸ்டம்ஸ் கட்டவேண்டாம்.

தனியாக விற்கும் ஜிங்க் குப்பியை வாங்கி ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். அளவுக்கு மேல் போனால் அதே சரக்கு இரும்பை அரிக்க ஆரம்பிக்கும். கறிக்கு உப்பு மாதிரி.

புல்லட் தம்பிக்கு: ஊற்றலாம். பைக் டப்பாவில் ஜாசோ (ஜப்பான் தரம்) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கும். கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முங்கி இருப்பதால் அது வழுக்கக்கூடாது என்று வைத்த தரம் அது. அந்தத் தரத்திலேயே பாஸ்பரஸ் 0.08க்குக் குறையக்கூடாது, 0.12க்கு மேலும் போகக்கூடாது என்று இருக்கிறது. எம்ஜிக்கு அது அப்படியே பொருந்தும். காருக்கான டப்பா கிடைக்காவிட்டால் புல்லட் ஆயிலைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுங்கள். ஸ்கூட்டருக்கான எம்பி டப்பாவை மட்டும் மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

அண்ணாச்சியோடு நான் ஒத்துப்போகாத இடம், லாரி ஆயில். 15டபிள்யூ-40, டீசல் இன்ஜினுக்கான சிஐ-4 தரம் என்றால் அதில் ஜிங்க் போதுமான அளவு இருக்கிறது. கெட்ட ஆயில் இல்லை. நடுவழியில் வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றால் தைரியமாக ஊற்றலாம். ஆனால் அழுக்குக் கரைக்கும் சேர்மானம் அதில்தான் மிக அதிகம், அதனால் சம்ப் சுத்தம் செய்யாத இன்ஜினுக்கு அண்ணாச்சியின் ஹெரால்டு கதைதான் நடக்கும். சூட்டில் 50ஐவிட மெலிதும்கூட. ஆகவே அது இரண்டாவது சாய்ஸ்.

சிந்தெடிக் பற்றி: பழைய சீலைத் தின்றுவிடும் என்பது அந்தக் காலத்துப் பயம். உங்கள் வண்டியில் பின்பக்கம் தின்பதற்குச் சீலே இல்லை. 20டபிள்யூ-50 சிந்தெடிக்கும் ஊற்றலாம்தான். ஆனால் வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, அதில் ஒரு பங்கு தாம்பாளத்துக்குப் போகும் என்று தெரிந்தே, எதற்கு?

கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் வருடத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுங்கள். நிற்கிற வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும். ஈரம் சேரும், கார்புரேட்டர் வழிந்தால் பெட்ரோலும் இறங்கும். டிப்ஸ்டிக்கைத் துடைப்பதற்கு முன் ஒரு தரம் மோந்து பாருங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பர் டியூப் இருந்தால் அதையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

பழைய_ஸ்பானர் எழுதியது:

மசகு தம்பி, லாரி ஆயில் பற்றிச் சொன்னது சரி. நான் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தது ஹெரால்டு ஞாபகத்தில். பைக் ஆயில் விஷயம் எனக்கும் புதிது.

கொக்கிரகுளம்_1250 எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவேண்டும். கடையில் கல்யாண சீசன்.

போன ஞாயிறு சம்ப்பை இறக்கினோம். அலுமினியச் சம்ப், அடியில் வரி வரியாக ஃபின் வைத்து அழகாக இருக்கிறது. வெளியேதான் அழகு. உள்ளே இரண்டு விரல் கடை உயரத்துக்குக் கறுப்பாக, பளபளவென்று, ஸ்பூனால் எடுத்தால் அப்படியே கிண்ணத்தில் நழுவி விழுகிறது. மெக்கானிக்கின் பையன் பார்த்துவிட்டு "அண்ணாச்சி, கால் கிலோ வாழை இலையில வச்சுத் தரவா?" என்றான். திருநெல்வேலிக்காரனுக்கு இதைவிட மோசமான காட்சி கிடையாது. இனி ஒரு மாதத்துக்கு அல்வா வேண்டாம் என்று இருக்கிறேன்.

ஸ்டிரெய்னர் வலையில் மூன்றில் ஒரு பங்கு அடைத்திருந்தது. ஒரு நெல் உமியும் இருந்தது, எப்படி உள்ளே போனது என்று தெரியவில்லை. டீசல் ஊற்றி இரண்டு தடவை கழுவி, பனியன் வேஸ்ட் வைத்துத் துடைத்து, புது கேஸ்கட் போட்டு மாட்டினோம். ஃபில்டரும் புதிது. காருக்கான 20டபிள்யூ-50 இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கினேன். 5 லிட்டர் கேன் போதவில்லை, டிப்ஸ்டிக் இன்னும் கேட்டது, ஒரு லிட்டர் டப்பா சேர்த்து வாங்கியிருந்ததால் தப்பித்தேன்.

இப்போதுதான் பிரச்சினை. ஸ்டார்ட் செய்தால் பிரஷர் பூஜ்யம். முள் அசையவே இல்லை. 15 வினாடி பார்த்துவிட்டு ஆஃப் செய்துவிட்டேன். மறுபடி ஒரு தரம், அதே பூஜ்யம். ஸ்பானர் அண்ணாச்சி, நான் என்ன தப்பு செய்தேன்? மெக்கானிக் பம்ப் போய்விட்டது என்கிறார். கழற்றும்வரை வேலை செய்த பம்ப்! வண்டி அப்படியே நிற்கிறது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பழைய_ஸ்பானர் எழுதியது:

இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்ப் போகவில்லை. தப்பு என்னுடையது, முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும்.

இந்த இன்ஜினில் ஆயில் பம்ப் சம்ப்புக்குள் முங்கிக் கிடக்காது, பிளாக்கின் வெளிப்பக்கம், ஆயில் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும். ஆயிலைக் கீழேயிருந்து உறிஞ்சி ஏற்றவேண்டும். ஃபில்டரும் சம்ப்பும் கழற்றியதில் உள்ளே இருந்த ஆயில் எல்லாம் இறங்கிக் காற்று புகுந்துவிட்டது. நம் ஊர்க் கிணற்று மோட்டார் மாதிரிதான், ஃபுட்வால்வு ஒழுகினால் என்ன செய்வீர்கள்? மேலே தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டுவீர்கள். இதற்கும் அதுதான்.

பம்பின் மேல்பக்கம் ஒரு சிறு பிளக் இருக்கும். அதைக் கழற்றுங்கள். மெடிக்கல் ஸ்டோரில் பெரிய சிரிஞ்ச், ஊசி இல்லாமல், வாங்கி அதே 20டபிள்யூ-50ஐ உள்ளே ஏற்றுங்கள். இதற்கு மேல் ஏறாது என்கிற வரை. பிளக்கை மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, காயில் ஒயரையும் எடுத்துவிட்டு, முன்பக்கம் ஹேண்டில் மாட்டிக் கையால் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் லேசாகச் சுற்றும், பேரிங்குக்கு பாரம் இல்லை. பிறகு செல்ஃபில் பத்துப் பத்து வினாடி. முள் அசைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பார்க் பிளக்கை மாட்டவேண்டும்.

செய்துவிட்டுச் சொல்லுங்கள், தூங்காமல் இருக்கிறேன்.

கொக்கிரகுளம்_1250 எழுதியது:

அண்ணாச்சி! வந்துவிட்டது!

மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்ச் கேட்டதற்கு "யாருக்கு உடம்பு சரியில்லை" என்று விசாரித்தார்கள், காருக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, பூனைக்கு என்றேன். இரண்டு சிரிஞ்ச் ஏறியதும் வழிய ஆரம்பித்தது. பம்ப் பிளக்கை மாட்டிவிட்டு நானும் பையனும் மாறி மாறி ஹேண்டிலைச் சுற்றினோம். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை, தோள்பட்டைதான் எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு செல்ஃபில் மூன்றாவது தடவை முள் ஒரு நடுக்கம் நடுங்கி 20க்கு ஏறியது. பையன் விசில் அடித்ததில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

இன்று காலை மேலச்செவல் வழியாகச் சேரன்மகாதேவி போய், பத்தமடையில் டீ குடித்துவிட்டு, நல்ல உச்சி வெயிலில் திரும்பினேன். ஓடும்போது 50. வண்ணாரப்பேட்டை சிக்னலில், வேண்டுமென்றே பச்சை விழும்வரை காத்துக்கொண்டு நின்று பார்த்தேன், 22.

காட்டர் பின் இருக்கிறது. நீங்கள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே ஆடிக்கொண்டிருக்கிறது.

அக்கா பேரனுக்குக் காதுகுத்து வருவதால் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து அம்மாவிடம் ஒப்படைத்தாயிற்று. அதன் இடத்தில் கடையில் ஒரு ஓரம் நசுங்கி விலைபோகாத எவர்சில்வர் தட்டு. ராத்திரி முழுக்க நின்ற பிறகு பார்த்தால் அதில் ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். முன்பு தாம்பாளத்தின் நடுப்பூ மூழ்கும்.

இன்னொன்று அண்ணாச்சி. ராக்கர் கவர் ஓரத்திலும் லேசாகக் கசிகிறது. கார்க் கேஸ்கட் வெளியூரிலிருந்துதான் வரவழைக்கவேண்டுமா?

பழைய_ஸ்பானர் எழுதியது:

எதற்கு வெளியூர்? கார்க் ஷீட்டாகக் கிடைக்கும், கவரை மேலே வைத்துப் பென்சிலால் கோடு போட்டு நாமே வெட்டிக்கொள்ளலாம். போல்ட் ஓட்டைக்கு மட்டும் செருப்புத் தைக்கிறவரிடம் பஞ்ச் இரவல் வாங்கவேண்டும். ஞாயிறு காலையில் வண்டியை மேலப்பாளையத்துக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள், சந்தைப் பக்கம் வந்து கூப்பிட்டால் நான் வந்துவிடுவேன். அந்த நசுங்கின தட்டையும் சீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், என் வாசலில் இப்போதுதான் சிமெண்ட் போட்டிருக்கிறது.